கீரை ஆயும் கை

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 14 வயதில் தூத்துக்குடி உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனவள். அப்பா காலமாகி, எனக்கு அஞ்சலகத்தில் வேலை கிடைத்து, "இனிப் போகாதம்மா" என்று நான் மன்றாடும் வரை அளம் அவளை விடவில்லை. இப்போது 82 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் கண் மங்கத் தொடங்கியது. கண் அழுத்த நோய், முற்றிய பிறகு வந்திருக்கிறீர்கள், நரம்பு வாடிவிட்டது என்றார் மருத்துவர். ஆறே மாதத்தில், வாசல் பக்கம் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

அதுவரை அவளுக்குத் துணை தொலைக்காட்சித் தொடர்கள்தான். பார்வை போன பிறகும் சில நாள் கேட்டுப் பார்த்தாள். ஒரு நாள் இரவு, "நிறுத்துட்டி. எல்லாரும் கத்துதாவ. யாரு யாருன்னு ஒண்ணும் வெளங்கல" என்றாள். நிறுத்தினேன். வீடு அமைதியானதும் அந்த அமைதியை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. மாவட்ட மைய நூலகத்தில் எடுத்து வந்திருந்த புத்தகம் என் மடியில் கிடந்தது. "படிக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். "படி. கேக்கேன்" என்றாள்.

அன்று தொடங்கியது. ஓய்வுபெற்ற பிறகு நானும் நிறையப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கண்ணால் படிப்பது வேறு, ஒரு ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு வாசிப்பது வேறு என்பது இந்த ஓராண்டில்தான் தெரிந்தது. கண் வேண்டாத பத்தியைத் தாண்டிக்கொண்டு போய்விடும். நாக்கால் அது முடியாது. எழுதியவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே சொல்லைச் சும்மா அடுக்குகிறார் என்பதெல்லாம் வாசிக்கிறவர் தொண்டைக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவுக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. நான் வாசிக்கும்போது மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மறுநாளைக்கு முருங்கைக்கீரை ஆய்வாள். காம்பைப் பிடித்து விரலால் ஓர் இழுப்பு. இலை முழுதும் முறத்தில் விழும். பழுத்த இலையைத் தடவியே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாள். அந்தக் கை ஓயாது. கதை அவளைப் பிடித்துவிட்டால் மட்டும் காம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடும். கடந்த ஓராண்டில் நான் படித்த புத்தகங்களைப் பற்றிய என் கருத்துகள் பலவும் அந்தக் கையைப் பார்த்து மாறியவை.

முதல் நாள் வாசித்தது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. தலைப்புக் கட்டுரை, காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது, பழைய சோற்றுத் தண்ணீரின் இடத்தை எப்படிப் பிடித்தது, எப்படி ஓர் அந்தஸ்தின் அடையாளமாயிற்று என்று பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் துருவிச் சொல்கிறது. ஆராய்ச்சியாளர் எழுதியது என்பதால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று நினைத்தேன். பாதியிலேயே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். "எங்களுக்கு என்ன காப்பி? அளத்துக்குப் போம்போது தூக்குச்சட்டியில நீச்சத்தண்ணி. சம்பளம் போட்ட அன்னைக்குக் கருப்பட்டிக் காப்பி. சீனி போட்ட காப்பிய நான் மொதமொத குடிச்சது ஒன் பிரசவத்துலதான்." இந்தக் கடைசிச் செய்தி அன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல வரலாற்று நூல் கேட்கிறவரின் வரலாற்றையும் வெளியே இழுத்துவிடுகிறது. தமிழில் சமூக வரலாறு எழுதுகிறவர்களில் இவ்வளவு தெளிந்த உரைநடை வாய்த்தவர்கள் குறைவு. நின்று திணற வைக்கும் ஒரு வாக்கியம்கூட என் நாக்கில் சிக்கவில்லை.

அந்தத் துணிச்சலில்தான் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுத்தேன். 122 அத்தியாயம். ஆனந்த விகடனில் 1940 தொடங்கி வாரந்தோறும் வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முடிவுபெறாமல் நின்றுபோன நூல். கல்லூரிக் காலத்தில் பாடத்துக்காகச் சில பகுதிகள் படித்திருக்கிறேன். முழுதாகப் படித்தது இப்போதுதான். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று இரண்டு மாதத்துக்கும் மேல் ஓடியது.

சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் அச்சேறிய கதையைத்தான் எல்லோரும் சிறப்பித்துப் பேசுவார்கள். கும்பகோணத்தில் 1880இல் சேலம் இராமசாமி முதலியார், நீர் என்னென்ன படித்திருக்கிறீர் என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்க, அவர் எதற்கும் அசையாமல் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட இடம் பெரிய இடம்தான். அந்த ஒரு கேள்வியில் தொடங்கிய வேலை 1887இல் புத்தகமாயிற்று. ஆனால் அம்மாவின் கை அங்கே நிற்கவில்லை. அதற்கு வெகு முன்பே, ஒரு பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் தேடித் தகப்பன் ஊர் ஊராகக் குடிபெயர்ந்த பகுதியில் நின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய் விடும்போது பையன் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்ற பேச்சு வருகிறதே, அங்கே நின்றது. "படிக்க வைக்கதுல மொத செலவு சோறுதான். அந்த மனுசனுக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றாள். என்னைப் பள்ளிக்கு அனுப்பியவள் சொல்கிறாள்.

பிள்ளையவர்கள் 1876இல் உயிர் நீத்த பகுதியை நான் ஒரே இரவில் வாசித்து முடித்தேன். கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பில் தாங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் சாமிநாதையர் திருவாசகம் படிக்கிறார். வாசிக்கையில் என் குரல் இரண்டு இடத்தில் கம்மிப்போனது. தமிழில் ஆசிரியர் மாணவர் உறவைப் பற்றி இதைவிடப் பெரிய ஆவணம் கிடையாது என்பது என் முடிவு. நூலின் உயிர் பதிப்பு வேலையில் இருப்பதாக இதுவரை எண்ணியிருந்தேன். அந்த மாணவ வாழ்க்கையில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சொன்னவள் அம்மா. நூல் பாதி தாண்டியிருக்கும். "எட்டி, அவருக்குக் கலியாணம் ஆச்சுன்னு படிச்சியே, அந்தப் பிள்ள என்ன ஆனா?" என்று கேட்டாள். பக்கங்களைப் பின்னால் திருப்பிப் பார்த்தேன். கல்யாணச் சடங்கு, விருந்து, வந்தவர்கள், செலவு என்று விரிவாக எழுதியிருக்கிறார். மனைவியைப் பற்றி மிகக் கொஞ்சம். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராகப் போனவரின் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்த நூலில் தேடித்தான் விடை காண வேண்டும். அக்காலத்து ஆண்கள் அப்படித்தான் எழுதினார்கள் என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் காம்பை இழுத்தாள். அந்தக் கேள்வி இல்லாமல் இனி என்னால் அந்த நூலை நினைக்க முடியாது.

இடையில் வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகம் ஒன்று. உறவுக்காரப் பையன் அன்போடு வாங்கிக் கொடுத்தான். 20 பக்கம் வாசித்தேன். கீரை சீக்கிரம் ஆய்ந்து முடிந்தது. நானும் மூடி வைத்துவிட்டேன்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மூன்றாம் முறையாகப் படித்தேன். எனக்கு அது உயிர். சிங்கம்புணரியிலிருந்து சிறு வயதில் சுமத்ராவின் மேடானுக்குப் பிழைக்கப் போனவர், போருக்குப் பின் திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர், இரண்டே நாவல் எழுதியவர். இந்த நாவல் எழுதி முடித்துப் பல ஆண்டு கிடந்து 1972இல்தான் அச்சானது. உலகப் போரை நேரில் கண்ட தமிழன் ஒருவன் தமிழில் எழுதியதென்று நாம் நிமிர்ந்து காட்டக்கூடிய நாவல் அது. மேடானுக்குள் ஜப்பான் படை நுழைவதும், பினாங்கின் வட்டிக்கடைகளும், நாயகன் பாண்டியன் மனதுக்குள் திரும்பத் திரும்ப வந்துபோகும் மதுரைத் தெருக்களும் தமிழில் வேறெங்கும் இல்லாதவை.

ஆனால் வாய்விட்டு வாசிக்க அது இடம் கொடுக்கவில்லை. குடித்துக்கொண்டு நண்பர்கள் தமிழ் இலக்கியத்தையும் தமிழர் பெருமையையும் பிய்த்துப் போடும் நீண்ட பேச்சுகளில் அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. கேலி செய்யப்படும் நூலைத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேலி. தெரியாதவருக்கு வெறும் இரைச்சல். அது நாவலின் குறையா என்று பல நாள் யோசித்தேன். குறை என்று சொல்ல மனம் வரவில்லை. படித்த தமிழனின் அகந்தையை உடைக்க அவன் மொழியிலேயே பேசியிருக்கிறார் சிங்காரம். ஆனாலும், கடல் கடந்து போய்க் கூலி வேலை பார்த்தவர்களின் மனைவிமார் கேட்டால் புரியாத பகுதிகள் அதில் நிறைய உண்டு என்பதையும் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் புயல் அத்தியாயம் மட்டும் விலக்கு. தோணி கடலில் அகப்பட்டுக்கொண்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். முறம் தரைக்குப் போய்விட்டது. முடிந்ததும் 1964 டிசம்பரில், தனுஷ்கோடி அழிந்த புயல் நாளில், இங்கே கடல் எப்படி உறுமியது, அளத்துக் கரையெல்லாம் எப்படிக் கரைந்தது என்று நள்ளிரவு வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியிருக்கிறார். பாலாவின் 'பரதேசி' படத்துக்குப் பிறகு பலரும் கேள்விப்பட்ட நூல். டேனியல் தேயிலைத் தோட்ட மருத்துவர். தொழிலாளர் சங்கமும் கட்டியவர். நெல்லைச் சீமையின் மயிலோடையில் பட்டினி கிடந்த கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி காட்டிய முன்பணத்தை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். பிறகு கடன் அடைவதே இல்லை. குளிர், அட்டை, காய்ச்சல், துரைமார் கொடுமை. மருத்துவர் எழுதியதால் நோயைப் பற்றிய இடங்களில் எழுத்து அவ்வளவு துல்லியம். மலேரியாவில் ஓர் உடம்பு எப்படி நடுங்கும் என்பதை வாசிக்கும்போது எனக்கே கம்பளி தேடத் தோன்றியது.

நாவலாகப் பார்த்தால் முதல் பாதிதான் தேறும் என்பது என் எண்ணம். பின்பாதியில் நல்ல மருத்துவர் ஒருவர் வந்ததும் கதை தொழிலாளிகளின் கையிலிருந்து நழுவி அவர் கைக்குப் போய்விடுகிறது. தமிழாக்கம் மிக நன்று. நம் பக்கத்துப் பேச்சு ஆங்கிலத்துக்குள் போய்ச் சிறை கிடந்தது, முருகவேள் அதை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார் என்று சொல்லலாம். அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா மலைக்குப் போய்த் திரும்பவில்லையாம். "அவ அங்க நல்லாருக்கான்னுதான் எங்க ஆத்தா சொல்லும். நல்லாருந்தா ஒரு தீவாளிக்காவது வந்திருப்பாள்லா" என்றாள். சிறு வயதிலிருந்து அவளிடம் இருந்த சந்தேகம் அந்த இரவில் தெளிந்தது.

வங்கத்தின் தாராசங்கர் பந்த்யோபாத்யாய் எழுதி, த. நா. குமாரஸ்வாமி தமிழாக்கிய 'ஆரோக்கிய நிகேதனம்' பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதை அம்மாவுக்கு வாசிக்கவே நான் தயங்கினேன். நாடி பார்த்துச் சாவைச் சொல்லும் ஒரு கிழ வைத்தியரின் கதை. ஜீவன் மசாய் கையைப் பிடித்தால் இத்தனை நாளில் உயிர் போகும் என்று சொல்லிவிடுவார், சொன்னபடி நடக்கும். ஊருக்குப் புதிதாக வந்த ஆங்கில வைத்தியம் படித்த இளைஞருக்கு அது பிடிக்கவில்லை. நோயாளியிடம் சாவு பற்றிப் பேசுவது கொடுமை என்கிறார். இரண்டு வைத்திய முறைகளின் சண்டையாகத் தொடங்கி, மரணத்தை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்விக்குள் நாவல் மெல்ல மெல்ல இறங்குகிறது. இருவரில் எவரையும் தாராசங்கர் தாழ்த்தவில்லை. பழைய வைத்தியத்துக்காக வாதாடும் நூல் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி நினைப்பவர்கள் அவசரமாகப் படித்திருக்கிறார்கள். புதிய மருந்தால் பிழைத்தவர்களும் அதில் உண்டு. மசாய் அதை மனமார ஏற்கவும் செய்கிறார்.

82 வயதுக்காரிக்கு இதை வாசிக்கலாமா? ஒளித்து வைத்து நான் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். "என்னட்டி, ரெண்டு நாளா தாளு திருப்புத சத்தம் கேக்கு, எனக்கு வாசிக்கல?" என்று கேட்டுவிட்டாள். முதலிலிருந்து தொடங்கினேன்.

மசாய் தன் சொந்த மகனின் நாடியையும் பார்க்கிறார். மகன் பிழைக்க மாட்டான் என்று தெரிகிறது. அதை மனைவியிடம் சொல்லிவிடுகிறார். மகன் போன பிறகு வாழ்நாள் முழுக்க அந்த மனைவி அவரை மன்னிக்கவே இல்லை. அந்த இடம் வந்தபோது அம்மாவின் கை நின்றது. நான் அடுத்த பத்திக்குப் போகப் பார்த்தேன். "நில்லு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவ கோவப்பட்டது நியாயம். ஆனா அவரு சொன்னதும் நியாயம்" என்றாள். பிறகு, "எங் கண்ணு இனித் திரும்பாதுன்னு டாக்டரு ஒங்கிட்ட சொன்னாருல்லா? நீ எங்கிட்ட சொல்லல" என்றாள்.

உண்மைதான். இரண்டு மாதம் 'சொட்டு மருந்து விட்டால் சரியாகும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கு அப்போதே தெரியுமாம். நான் மனம் வருந்துவேன் என்று அவளும் கேட்கவில்லையாம். அன்று இரவு வாசிப்பு அத்துடன் நின்றது. இருவரும் வெகுநேரம் பேசினோம். அந்தப் பேச்சுக்கு அந்த நாவல்தான் வழி திறந்தது. இந்திய மொழிகளில் வந்த நாவல்களில் எனக்கு முதல் வரிசையில் வைக்கத் தோன்றும் ஐந்தாறில் அது ஒன்று.

கடைசியாகப் படித்தது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. இதை வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வந்த நாவல். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்து எழுதியதை, அந்தப் பாத்திகளில் கால் வெந்தவளுக்கு முன்னால் வாசிக்கப் பயமாக இருந்தது. தப்பாக எழுதியிருந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். எனக்குப் பிடித்த எழுத்தாளரை நான் இழப்பேன்.

முதல் சில நாள் அம்மா தேர்வாளரைப் போலக் கேட்டாள். நாவலின் நாயகி பொன்னாச்சி முதல் முறை அளத்துக்குள் போகிற இடத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். பாத்தி மிதிப்பது, தெப்பத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சுவது, பலகையால் உப்பு வாருவது, பெண்கள் பெட்டியில் சுமந்து போய் அம்பாரத்தில் தட்டுவது. ஒவ்வொன்றுக்கும் 'ம்' போட்டாள். அதிகாலையில் வேலைக்கு இறங்கினாலும், வெயில் ஏறியதும் உப்பு மேல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணில் ஊசியாய்க் குத்துவதைக் கேட்டபோது இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். பார்வையே இல்லாத கண்கள். உடம்பு மறக்கவில்லை.

பிறகு தன் காலை நீட்டி என் கையைப் பிடித்து உள்ளங்காலில் வைத்தாள். விரலிடுக்கில் இருந்த பழைய வடுக்கள், தேய்ந்த செருப்புத் தோல் போல இறுகிப்போன குதிகால். இத்தனை ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் காலை நான் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. "புண்ணு ஆறதுக்குள்ள மறுநா எறங்கணும். எறங்குனா உப்பு உள்ள போயி உயிர் போகும். இத இந்தம்மா எப்படித் தெரிஞ்சுகிட்டா? எறங்கிப் பாத்திருப்பாளோ?" என்று கேட்டாள்.

ராஜம் கிருஷ்ணன் ஒவ்வொரு நாவலுக்கும் அந்தந்த ஊருக்கே போய், அந்த மக்களோடு பழகி, குறிப்பெடுத்து எழுதியவர் என்று சொன்னேன். இங்கேயும் வந்து போயிருக்கிறார். விமர்சகர்கள் சிலர் அவர் நாவல்களைத் தகவல் தொகுப்பு என்று ஒதுக்குவதுண்டு. நானும் ஒரு காலத்தில் அதை ஒப்புக்கொண்டிருந்தேன். கதை சில இடங்களில் தளர்கிறது, சில மாந்தர் கருத்தைச் சொல்வதற்காகவே வருகிறார்கள் என்பதை இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் தகவல் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்களோ, அதைக் கேட்டுத்தான் அம்மா காலை நீட்டினாள். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளையும் இந்த ஊரில், அந்த உப்பை வாரியவர்களுக்கு ஒரு நாவல் கிடைத்தது அவரால். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையா என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு மூணு எடத்துல பேச்சு நம்ம பேச்சு மாதிரி இல்ல. வேல எல்லாம் சரியாருக்கு" என்றாள்.

நாவல் முடிந்த மறுநாள் காலை, "அந்தம்மா இப்ப எங்க இருக்காவ? ஒரு எட்டு பாத்துட்டு வருவோமா?" என்று கேட்டாள். 2014 அக்டோபரில் சென்னையில் காலமானார், குழந்தை இல்லை, கணவருக்குப் பிறகு முதியோர் இல்லத்தில் இருந்தார் என்று சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. "நம்ம வீட்டுக்கு வந்திருக்கலாமே" என்றாள்.

ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோதே, 2009இல், அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. உங்கள் ஊர் நூலகத்திலும் 'கரிப்பு மணிகள்' இருக்கும். எடுத்து வந்து, வீட்டில் படிக்கத் தெரியாத, படிக்க முடியாத பெரியவர் யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நாளுக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டுங்கள்.